பம்பின் நெற்றியில் திருநீறு

மலேசியாவின் தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த அந்தச் சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் தம்புசாமிக்குத் தெரியாத ரப்பர் கிடையாது. இப்படிச் சொன்னது மேனேஜர் அல்ல, தம்புசாமியேதான். யாராவது ரப்பர் என்று வாயெடுத்தால் போதும். "கித்தாவைப் பத்தி எனக்கே சொல்றியா? பால்மரத்துக்கு அடியிலதான்டா எனக்குத் தொட்டில் கட்டுனாங்க" என்று ஆரம்பித்துவிடுவார். தொட்டில் கட்டியது உண்மைதான். பந்திங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவருடைய தாயும் தகப்பனும் பாலெடுக்க மரம் வெட்டியவர்கள். ஆனால் மாட்டுக் கொட்டகையில் பிறந்தவனெல்லாம் மாட்டு வைத்தியன் ஆகிவிடுவதில்லை. இதை அவரிடம் எடுத்துச் சொல்லத் துணிந்த ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை.

மெக்கானிக் பிரிவுக்கு அவர்தான் ஃபோர்மேன். கிள்ளானிலிருந்து தினமும் ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். சட்டையின் ஒரு பையில் ஸ்குரூடிரைவர், மறு பையில் திருநீற்றுப் பொட்டலம். வாசல் மரத்தடியில் இருந்த முனியாண்டி சாமிக்கு இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். குறை சொல்ல முடியாத உழைப்பாளி. கை சுத்தம், குடி கிடையாது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் பிறந்ததே இல்லை. 'தெரியாது' என்பதுதான் அந்த வார்த்தை.

அவருடைய செல்லப் பிள்ளை மூன்றாம் நம்பர் பம்பு. தொட்டியில் வெதுவெதுப்பாக இருக்கும் பாமாயிலை இழுத்து லோரிகளுக்கு ஏற்றுவது அதன் வேலை. அது நின்றால் லோரிகள் பெரிய ரோடு வரை வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் இறங்கி வந்து மூன்று மொழியில் திட்டுவார்கள். பம்பின் வயிற்றிலிருந்து சுழலும் இரும்புத் தண்டு ஒன்று வெளியே வரும். அது வெளிவரும் இடத்தில் வளையல் மாதிரி ஒரு ரப்பர் சீல். அந்தச் சீலுக்கு மெல்லிய உதடு உண்டு. ஓடுகிற தண்டை உதட்டால் கவ்விக்கொண்டு எண்ணெயை உள்ளேயே பிடித்து வைத்திருப்பதுதான் அதன் பிழைப்பு. உதடு கெட்டால் எண்ணெய் தரைக்கு வந்துவிடும்.

எண்பத்தாறாம் வருஷம், பழைய சீல் வயதாகிக் கிழிந்தது. தம்புசாமி கிள்ளான் டவுனில் சீல் விற்கும் கன்னையா கடைக்குப் போனார். கன்னையா கறுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"எண்ணெய்க்கு நைட்ரைல் போடுங்கண்ணே. அதுதான் தாங்கும்."

"அது என்னா நைட்ரைல்?"

"ஃபேக்டரியில செய்யுற ரப்பருண்ணே. மரத்துல வர்றது இல்ல."

தம்புசாமிக்குச் சுருக்கென்றது. "நம்ம நாட்டு கித்தாவை உலகமே கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போவுது. நீ என்னா, ஃபேக்டரி ரப்பரைக் காட்டுறே? சுத்தமான கித்தா குடுப்பா."

"கித்தாவுக்கும் எண்ணெய்க்கும் ஆவாதுண்ணே, ஊறிடும். தண்ணி பம்புக்குன்னா நானே குடுப்பேன்."

"நான் பொறந்ததே கித்தா மரத்தடியில லா!"

பிறப்பை எடுத்துக் காட்டுகிறவனிடம் வாதாடிப் பயனில்லை என்று கடைக்காரருக்குத் தெரியும். தண்ணீர்ப் பம்புக்கென்று வைத்திருந்த கித்தா சீலில் அளவு பொருந்தியதை எடுத்துக் கொடுத்தார். அது ஒரு வாரம்கூட உழைக்கவில்லை. தம்புசாமி கழற்றிப் பார்த்தபோது, சாம்பாரில் ஊறிய வடை மாதிரி உப்பிக் கொழகொழவென்று கையோடு வந்தது. யாரும் பார்ப்பதற்கு முன் அதைக் குப்பைத் தொட்டியின் அடியில் புதைத்தார். மறுநாள் சத்தமில்லாமல் நைட்ரைல் சீலை வாங்கி மாட்டினார். ஒழுகல் நின்றது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பசியாறும் நேரத்தில் எல்லாருக்கும் நைட்ரைலின் பெருமையை அவரே பிரசங்கம் செய்தார். அதைக் கண்டுபிடித்தவர் தானே என்று மட்டும்தான் சொல்லவில்லை.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தம்புசாமி நன்றி மறக்காதவர். காரியம் கைகூடியதற்காக வெள்ளிக்கிழமை பம்புக்கு ஒரு பூசை போட்டார். ஆயுத பூசைக்கு இயந்திரங்களின் உடம்பில் சந்தனமும் குங்குமமும் வைப்பது அங்கே ஆண்டாண்டாக உள்ள வழக்கம்தான். தம்புசாமிக்கு அது போதவில்லை. வயிற்றில் யாராவது திருநீறு பூசுவார்களா? நெற்றியில்தானே பூச வேண்டும்? பம்புக்கு நெற்றி எது என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். வேலை செய்கிற தண்டுதான் நெற்றி என்று முடிவு செய்தார். திருநீறு காய்ந்து உதிர்ந்துவிடக் கூடாதே என்று நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தார். தண்டின் மேல், சீலை ஒட்டினாற்போல, மூன்று விரலால் அழகாகப் பட்டை இட்டார். சுவிட்சைப் போட்டதும் தண்டு சுழன்றது. பட்டை மூன்றும் கரைந்து சீலின் உதட்டுக்குள் போய் மறைந்தன.

"பாத்தீங்களா, சாமி ஏத்துக்கிட்டாரு" என்றார். கூட நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மாதம் திரும்புவதற்குள் பம்பு ஒழுகியது. புதுச் சீல் போட்டு, பூசையை வெள்ளிக்கிழமை தவறாமல் நடத்தினார். அது இன்னும் சீக்கிரம் ஒழுகியது. சீலின் தரம்தான் சரியில்லை என்று மறுபடி கன்னையா கடைக்குப் படையெடுத்தார்.

"ஒங்ககிட்ட இருக்கிறதுலயே ஒசத்தி எது?"

கன்னையா தவிட்டு நிறச் சீல் ஒன்றைக் காட்டினார். "ஃபுளோரோ ரப்பருண்ணே. கொதிக்கிற எண்ணெய், ஆசிட், எல்லாத்துக்கும் நிக்கும். ஆனா ஒங்க எண்ணெய் அவ்வளவு சூடு இல்லையே? உரசல் தாங்குறதுல நைட்ரைல்தான் இதைவிட மேல். மொதல்ல எதனால கெடுதுன்னு பாருங்கண்ணே. கெட்ட சீலைக் கொண்டாங்க, பாப்போம்."

தம்புசாமி காதில் 'ஒசத்தி' என்பது மட்டும் விழுந்தது. கெட்ட சீலைக் கொண்டுபோய்க் காட்டுவதாவது! டாக்டரிடம் போய் நாக்கை நீட்டுவதே அவருக்கு அவமானம். விலை கூடியது நன்றாகத்தான் இருக்கும் என்று தவிட்டு நிறச் சீலை வாங்கி வந்தார். அதற்குத் தனி மரியாதையாகப் பட்டையை இன்னும் கெட்டியாகவே குழைத்து இட்டார். அதுவரை போட்டதிலேயே சீக்கிரம் செத்தது அந்தச் சீல்தான்.

மேனேஜர் லிம் பம்பு அறைக்கு வந்து, தரையில் தேங்கிய எண்ணெயையும் வெளியே நின்ற லோரி வரிசையையும் பார்த்தார். கடைத்தெரு மலாய் மொழியில் ஒரே கேள்விதான் கேட்டார்: "இது யார் தப்பு?"

'என்ன தப்பு' என்று கேட்டிருந்தால் ஒருவேளை தம்புசாமி யோசித்திருப்பார். 'யார்' என்று கேட்டதும் அவர் மனம் ஆளைத் தேடியது. பக்கத்தில், கையில் துணியோடு நாகையா நின்றுகொண்டிருந்தான்.

நாகையா அந்தப் பம்பை ஓட்டுகிறவன். கம்போங் மேடானிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். அவன் தகப்பனார் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தலையில் மழித்த முடி இன்னும் சரியாக வளரவில்லை. வருஷம் முடியும்வரை கோயில் இல்லை, பண்டிகை இல்லை. காலையில் வந்ததும் பம்பின் உடம்பு முழுக்கத் துடைத்து மினுமினுக்க வைப்பான். தண்டை மட்டும் தொடமாட்டான். அதில் ஃபோர்மேன் இட்ட திருநீறு இருக்கிறதே, துக்கக்காரன் கை படலாமா? அவ்வளவு பயபக்தி அவனுக்கு.

"பாஸ், இவன் வீட்டுல சாவு" என்றார் தம்புசாமி. "தீட்டுக் கையோட பம்பைத் தொடுறான். அதான் எதுவும் நிக்க மாட்டேங்குது."

மேனேஜர் பொறியியல் படித்தவர்தான். ஆனால் சாவு வீட்டுக்காரன் கை பட்டால் காரியம் விளங்காது என்பதில் அந்தத் தொழிற்சாலையின் சீனருக்கும் தமிழருக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. உடனே தலையாட்டினார். அன்று மத்தியானமே நாகையாவைப் பின்பக்கத்து எண்ணெய்க் கசடுக் குழிக்கு மாற்றிவிட்டார்கள். முழங்கால் அளவு நாற்றத்தில் நின்று, கசடை வாளியில் அள்ளிக் கொட்டுகிற வேலை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

நாகையா தம்புசாமியைத் தேடி வந்தான். "அண்ணே, எங்கப்பா செத்தது என் தப்பாண்ணே?"

"யாருப்பா அப்படிச் சொன்னா? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். வருஷம் முடியட்டும்."

"எம்மவன் மூணாம் நம்பர் பம்பு ஓட்டுறான்னு ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரர்கிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தாருண்ணே. அவரு செத்ததுனாலயே என்னைப் பம்புலேருந்து எடுத்துட்டீங்க."

தம்புசாமி அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்பானரைத் துடைத்தார். நல்லதுக்குத்தான் என்று சொல்லிச் செய்கிற காரியங்களில் நல்லதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றும் அது இல்லை. இளைத்தவன் ஒருவன் கைக்கு எட்டினான், அவ்வளவுதான் சங்கதி.

நாகையா போன பிறகாவது பம்பு திருந்தியதா? தீட்டுக் கழிய வேண்டுமென்று தம்புசாமி பூசையைச் செவ்வாய்க்கும் வெள்ளிக்குமாக இரட்டிப்பாக்கினார். பம்பும் ஒழுகலை இரட்டிப்பாக்கியது. இன்னொரு தடவை ஒழுகினால் வெளியிலிருந்து கன்ட்ராக்டரைக் கூப்பிடப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். ஃபோர்மேன் இருக்கும்போது வெளி ஆள் வந்து பம்பைத் திறப்பதா? தம்புசாமிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி புஷ்பவல்லி சாமி அறை வாசலில் உட்கார்ந்து வெள்ளிச் சாமான் துலக்கிக்கொண்டிருந்தாள். குங்குமச் சிமிழின் மேல் திருநீற்றைத் தூவித் துணியால் அழுத்தித் தேய்த்தாள்.

"என்னா புஷ்பா, சாமி திருநீறைப் போட்டா தேய்க்கிறே?"

"ஆமா, புதுசாக் கேக்குறீங்க. வெள்ளிக்கு இதைவிட என்னா இருக்கு? எண்ணெய்ப் பிசுக்கோட சேத்துத் தேய்ச்சா எந்தக் கறுப்பும் போயிடும். ஆனா ரொம்பத் தேய்க்கக் கூடாது. எங்கம்மா குடுத்த சிமிழு. மேல தாமரைப் பூ இருந்துச்சு. தேய்ச்சுத் தேய்ச்சு பூவே போயிடுச்சு, பாருங்க."

தம்புசாமி சிமிழை வாங்கித் தடவிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. பூ இருந்த இடம் தெரியவில்லை. வெள்ளிப் பூவையே தின்றுவிடுகிற சாமான், ரப்பர் உதட்டை என்ன பாடு படுத்தும்? "காப்பி ஆறிப்போவுது" என்று புஷ்பவல்லி சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பம்பைத் திறந்தார். தண்டை மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். சீல் உட்காரும் இடத்தில் நகம் ஒரு பள்ளத்தில் விழுந்தது. இரும்பே தேய்ந்திருந்தது. குப்பையில் கிடந்த சீல்களைப் பொறுக்கி உதட்டை விரலால் தேய்த்தார். கறுப்புச் சீலும் சரி, தவிட்டு நிறச் சீலும் சரி, எல்லாம் நறநறவென்றன. எண்ணெயில் குழைத்த திருநீறு, பட்டறையில் இரும்பை மெருகேற்றப் பூசும் களிம்பு மாதிரி வேலை செய்திருந்தது. வாரம் தவறாமல், பக்தி சிரத்தையோடு, தன் பம்பைத் தானே அரைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முதலில் அவருக்கு வந்தது நிம்மதி. காரணம் தெரிந்துவிட்டதே! அடுத்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். நாகையாவின் நினைவு கடைசியாகத்தான் வந்தது. ஆனால் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதற்குள் பின்பக்கமிருந்து வாளி உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

கன்னையாவிடம் ஓடி, பள்ளத்தின் மேல் மாட்ட மெல்லிய எஃகு உறை ஒன்றும் சாதாரண நைட்ரைல் சீலும் வாங்கி வந்தார். சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, கீறல் விழாமல் மெதுவாக நுழைத்தார். எல்லாம் முடிந்து நிமிர்ந்தால், வாசலில் ஆட்கள் பூசைத் தட்டோடு நிற்கிறார்கள். அன்று வெள்ளிக்கிழமை.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. தம்புசாமியும் வாயைத் திறந்தார். ஆனால் இத்தனை வருஷமாக 'தெரியாது' என்று சொல்லிப் பழகாத வாய் அது. 'தப்பு செய்துவிட்டேன்' என்று எப்படிச் சொல்லும்? வேறொன்றைச் சொன்னது.

"நாகையாவைக் கூப்பிடுங்க. பம்பு பழகுன கையைத் தேடுது. இனிமே அவன்தான் ஓட்டணும். ஆனா அவன் துக்கக்காரன். அவன் தொடுற பம்புக்கு வருஷம் முடியுற வரைக்கும் பூசை ஆவாது. திருநீறு, எண்ணெய், ஒண்ணும் கிட்டக் கொண்டாரக் கூடாது. சாமி குத்தம் ஆயிடும், சொல்லிட்டேன்."

நேற்று வரை துக்கக் கை பம்பைக் கெடுத்தது. இன்று துக்கக் கை பம்பைக் காப்பாற்றப் போகிறது. எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. சாஸ்திரம் என்று சொல்லிவிட்டால் நம் ஆட்கள் கேள்வி கேட்பதில்லை. நாகையா கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து, தம்புசாமியின் காலைத் தொடக் குனிந்தான். அவர் பதறி நகர்ந்துகொண்டார்.

சீல் நின்றது. மழைக்காலம் வந்து போனது. லோரிகள் வந்து போயின. தரையில் ஒரு சொட்டு இல்லை. மேனேஜர் தம்புசாமியைக் கோலாலம்பூரின் பங்சாருக்கு அழைத்துப்போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து ஆட்கள் யோசனை கேட்க வந்தார்கள். தம்புசாமி நாற்காலியில் சாய்ந்துகொண்டு விளக்குவார்: "எண்ணெய்க்கு நைட்ரைல், கொதிக்கிற சூட்டுக்கு ஃபுளோரோ, தண்ணிக்குத்தான் கித்தா. ஒசத்தியைத் தேடாதீங்க, பொருத்தத்தைத் தேடுங்க. சீலு செத்தா, எதனால செத்துச்சுன்னு பாக்காம புதுசைப் போடாதீங்க. வெளியிலேருந்து வர்ற தூசிதான் சீலுக்கு எமன்." அத்தனையும் சத்தியமான வார்த்தைகள். எந்தத் தூசி என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும்.

நாகையாவுக்குப் பம்பு திரும்பக் கிடைத்தது, பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. கேன்டீனில் அவன் உட்கார்ந்த மேசையில் மற்றவர்கள் உட்காரத் தயங்கினார்கள். "தள்ளி நில்லு லா, ஒன் கை பட்டா என் மெஷினுக்கும் பூசை கட்" என்று கிண்டல் செய்தார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்துவிட்டுப் பம்பைத் துடைக்கப் போனான். தீபாவளியன்று எல்லாரும் லீவு எடுத்தபோது அவன் மட்டும் வேலைக்கு வந்தான். புஷ்பவல்லி கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னை ஏந்திக்கொண்டு போன தம்புசாமி, அவன் தனியாகப் பம்பின் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்பதைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. டின்னை மட்டும் கொடுத்துவிட்டு, நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டார். நாளை வந்தது, அதற்கடுத்த நாளையும் வந்தது.

வருஷம் திரும்பியது. நாகையா தகப்பனுக்குத் திவசம் கொடுத்து முடித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை காலை குளித்து முழுகி, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு பம்பு அறைக்கு வந்தான். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, சூடம், சின்னப் புட்டியில் நல்லெண்ணெய், அதற்காகவே பத்துமலை முருகன் கோயிலுக்குப் போய் வாங்கி வந்த புதுத் திருநீறு. ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் பின்னால் கூடிவிட்டார்கள்.

"அண்ணே, துக்கம் கழிஞ்சிடுச்சு" என்றான். முகம் பூரித்திருந்தது. "ஒரு வருஷமா என்னாலதான் பம்பு வெறும் நெத்தியோட நின்னுச்சு. மொதத் திருநீறு என் கையாலதான் வெக்கணும்ணே. எல்லாரும் பாக்கட்டும்."

எண்ணெய் விட்டுக் குழைத்தான். மூன்று விரலிலும் எடுத்தான். நின்றிருந்த தண்டின் பக்கம் கை போனது.

தம்புசாமியின் மூளை அந்த நேரத்திலும் வேலை செய்தது. போன மாதம்தான் இரண்டாம் நம்பர் பம்பைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கூடப் பிறந்த பம்பு செத்ததால் மூன்றாம் நம்பருக்கும் ஒரு வருஷம் துக்கம் என்று சொன்னால் என்ன? நம்பிவிடுவார்கள். நிச்சயமாக நம்பிவிடுவார்கள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாகையாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்பா."

"ஏண்ணே? இன்னுமா தீட்டு?"

"ஒனக்கு எந்தத் தீட்டும் இல்ல. அன்னிக்கும் இல்ல." பிடித்த மணிக்கட்டை அவர் விடவில்லை. "இந்தத் திருநீறுதான் சீலைத் தின்னுச்சு. நான் வெச்ச திருநீறு. தண்டையே அரைச்சுப் போட்டுடுச்சு. ஒன் மேல சொன்னது பொய்யி. ஒன்னைக் குழியிலேருந்து கூப்பிட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"அண்ணே சும்மா தன்னடக்கமாப் பேசுறாரு" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். திருநீறு கெடுதல் செய்யும் என்பதைவிட, ஃபோர்மேன் தப்பு செய்வார் என்பதை நம்ப அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

நாகையா மட்டும் நம்பினான். முகத்திலிருந்த பூரிப்பு போய்விட்டது.

"அப்ப எங்கப்பா பேரைச் சொல்லி என்னை எதுக்கண்ணே அந்தக் குழியில நிக்க வெச்சீங்க?"

தம்புசாமி வாழ்நாளில் முதல் தடவையாக, "தெரியலப்பா" என்றார்.

நாகையா தன் விரல்களைப் பார்த்தான். குழைத்த திருநீறு அப்படியே இருந்தது. சாமி பொருள், கீழே உதறக் கூடாது. பம்பிலும் வைக்கக் கூடாது. சற்று யோசித்துவிட்டு, தன்னைவிட மூத்தவரான தம்புசாமியின் நெற்றியில் கையை வைத்தான். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, அழுத்தி, நிதானமாக, மூன்று பட்டை இழுத்தான்.

"இங்க இருக்கட்டும்ணே" என்றான். "இங்கதான் கொஞ்சம் தேயணும்."

பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, போய்ப் பம்பின் சுவிட்சைப் போட்டான். வெளியே லோரிகள் காத்திருந்தன.